கண்ணில் பட்ட சிவப்பு

சிவப்பு வெளிச்சம் லீலாபாயின் கண்ணில் பட்டது, பட்டதும் போய்விட்டது.

பூவாறு பொழிமுகத்தில், ஆறு கடலில் சேரும் மணல்திட்டில், மகள் ஜினியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். பொழுது அடங்கிக்கொண்டிருந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம்.

மறுபடியும் வந்தது. இடமிருந்து வலமாக, பிறகு வலமிருந்து இடமாக. கடலுக்குள்ளிருந்து யாரோ கரை முழுவதையும் மெல்லத் தடவிப் பார்ப்பதுபோல.

வலையை மடக்கிக்கொண்டிருந்த மீன்காரர்களும் பார்த்தார்கள். பார்த்துச் சிரித்தார்கள். அந்த வருஷங்களில் லேசர் விளக்கு இல்லாத பையனே கிடையாது. சாவிக்கொத்தில் தொங்கும். தியேட்டர் திரையிலும், பஸ்ஸில் பெண்களின் முதுகிலும் சிவப்புப் பொட்டு ஓடும்.

ஆனால் இது யார் சட்டையிலும் பொட்டு வைக்கவில்லை. மணலிலும் வைக்கவில்லை. கண்ணை மட்டும் தொட்டுவிட்டுப் போயிற்று.

லீலாபாய்க்கு அது என்னவென்று தெரியும்.

அவள் கணவர் தாசையனுக்கு ஷார்ஜாவில் வேலை. பணக்காரர்களின் உல்லாசப் படகுகளுக்கு எஞ்சின் பழுதுபார்ப்பது. ஒரு லீவில் வந்தபோது பெட்டியிலிருந்து டார்ச் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். கடலில் மாட்டிக்கொண்டவர்கள் வானத்தில் நெருப்பு வாணம் விடுவதற்குப் பதிலாக, சில படகுகளில் இப்போது இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றார். வாணம் ஒரு தடவை எரிந்தால் தீர்ந்தது. இது பேட்டரி உள்ளவரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

கரண்ட் போன ஒரு சாயங்காலம், கரமனை ஆற்றுப் படித்துறையில் அவளை நிறுத்திவிட்டு, பாலத்தைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனார். தலை நரைத்த மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சின்னப் பையன்போல ஓட்டமும் நடையுமாக.

அங்கிருந்து ஒரு செங்கோடு கிளம்பியது. வர வர விரிந்து, தென்னைகளின்மேல் ஏறி இறங்கி, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, அவள் கண்ணில் வந்து பட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண்கள் துணியைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"லீலா, கண்டியா?" என்று அக்கரையிலிருந்து சத்தம் போட்டார். கண்டேன் என்று அவள் கையை ஆட்டினாள். அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனாலும் மறுபடி அடித்தார். மறுபடியும்.

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "இது களிக்கதுக்கு உள்ள சாதனம் இல்ல, கேட்டியா. கண்ணுல பட்டா, ஒருத்தன் ஒன்ன விளிக்கான்னு அர்த்தம்" என்றார்.

லீலாபாய் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். மீன்காரர்களிடம் போனாள். படகை இறக்கச் சொன்னாள்.

படகுக்காரன் ஷாஜி தலையை ஆட்டினான். "பயலுவ எங்கேயோ இருந்து களிக்கானுவ அம்மா. பொழி எளகிக் கெடக்கு. இப்ப எறங்க ஒக்காது."

அவன் சொன்னது பொய்யில்லை. பொழிமுகத்தில் அலை ஆள் உயரத்துக்கு எழும்பி மடிந்து விழுந்துகொண்டிருந்தது. அவனுக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள்.

"அதுல எனக்க வீட்டுக்காரரு உண்டு" என்றாள் லீலாபாய்.

ஜினி சட்டென்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடற்கரையில் அந்த வார்த்தைக்கு மேல் கேள்வி கிடையாது. வலையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் படகுக்குத் தோள் கொடுத்தார்கள். முதல் அலை படகைத் தூக்கிக் கரையிலேயே எறிந்தது. ஷாஜி உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி தள்ளச் சொன்னான். இந்தத் தடவை படகு அலைமேல் ஏறி அந்தப் பக்கம் விழுந்தது. எஞ்சின் சத்தம் சிறுத்துக்கொண்டே போயிற்று.

வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை அது கண்ணில் படும்போதும் லீலாபாயின் கை முந்தானைக்குப் போயிற்று. யாரோ உயிருக்குத் தவிக்கிற அடையாளம் என்று தெரிந்தும், அது நின்றுவிடக் கூடாதே என்றிருந்தது. இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை.

நின்றது.

கடல் வெறும் இருட்டாகக் கிடந்தது. ஜினியின் விரல்கள் வலிக்கும்படி அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து எஞ்சின் சத்தம் கேட்டது. படகு மணலில் வந்து ஏறியதும் ஒரு வாலிபன் இறங்கி முட்டுக்குத்தி உட்கார்ந்துவிட்டான். அவன் பின்னால் அவன் மனைவி, தோளில் ஒரு கைக்குழந்தை. அவர்களுடைய சின்ன வெள்ளைப் படகின் எஞ்சின் நின்றுபோய், ஆற்றின் ஒழுக்கு கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஷாஜி போய்ச் சேர்ந்தபோது அது பாதி முங்கியிருந்ததாம்.

அந்தப் பெண் நிற்கமுடியாமல் லீலாபாயின் தோளில் சாய்ந்தாள். லீலாபாய் முந்தானையால் அவள் தலையைத் துவட்டிவிட்டாள்.

இருட்டிலும் அவசரத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஷாஜி அப்போதுதான் அவர்களைச் சரியாகப் பார்த்தான். காலிப் படகைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"அம்மா, உங்க ஆளு எங்க? இவங்க மட்டுந்தானே அங்க கெடந்தது!"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. மற்றவர்களைக் கூவி அழைத்துக்கொண்டு படகைத் திரும்பவும் கடலுக்குள் தள்ளத் தொடங்கினான்.

லீலாபாய் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"போவாத மக்களே. அவரு கடல்ல இல்ல. போன வருசமே அடக்கம் பண்ணியாச்சு."