முப்பதாவது பெயர்

கனடாப் புல்வெளியில் முதலில் எழும்பியது டன்பரின் மளிகைக் கடைதான். வீடுகள் அதைச் சுற்றி வந்தவை. ஊராக அறிவிக்க முப்பது குடும்பத் தலைவர்களின் பெயர் வேண்டும் என்றது அரசாங்கம். இருந்ததோ இருபத்தொன்பது.

டன்பர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டு, "டேவிட் லோரி" என்று எழுதினார்.

கூட்டாளி விக் சிரித்தார். "அவன் வரி கட்டமாட்டானே."

"சண்டைக்கும் வரமாட்டான். ஊரை விட்டும் போகமாட்டான்."

ஊர் பிறந்தது. டன்பர் மேயரானார். முப்பது பெயரும் பத்திரிகையில் வந்தன.

வசந்தத்தில் ரயிலிறங்கிய ஒரு பெண், பெட்டிகளோடு நேரே கடைக்கு வந்தாள்.

"மேயர் ஐயா, மூணு வருஷமா எங்க வீட்டுக்காரர்கிட்டருந்து கடுதாசி இல்ல. போய்ச் சேந்துட்டார்னு துக்கத்துக்குக் கறுப்பு கட்டிக்கிட்டேன். பேப்பர்ல பேரைப் பாத்ததும் அதைக் கழட்டி எறிஞ்சுட்டு, வீட்டையும் வித்துட்டு வந்துட்டேன். லோரி வீடு எதுங்க?"

டன்பரின் கண் ஜன்னலுக்குப் போனது. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

எதிர் மேட்டில், பனிப்புயலில் விறைத்துச் செத்தவனுக்குத் தேயிலைப் பெட்டிப் பலகையில் டன்பர் செய்து நட்ட சிலுவை நின்றது. கடைக்குள்ளிருந்தே படிக்கும்படி, பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்.