தொண்டை கட்டிய கோச்

“இன்னாய்யா கோச்சு இவரு? பொண்ணுங்க கோல் வாங்கிக்கினு நிக்குது, இவரு பொம்மையாட்டம் நிக்கிறாரு!”

வேலிக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒருத்தர் சொன்னது தெய்வசிகாமணியின் காதில் நன்றாகவே விழுந்தது. திரும்பி நாலு வார்த்தை கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தார்.

காற்றுதான் வந்தது.

கள்ளக்குறிச்சியில் அவருக்கு ஜெராக்ஸ் கடை. சனி, ஞாயிறு மட்டும் பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் கோச். இந்த ஒன்பது வருஷத்தில் அவர் கற்றுக்கொடுத்தது கம்மி, கத்தியது ஜாஸ்தி. ‘லெஃப்ட்ல போ! ரைட்ல குடு! அடிடீ! ஐயோ, ஏன்டீ அடிச்ச?’

அந்தச் சத்தத்தைக் கேட்ட சங்கராபுரம் பஸ் டிரைவர், தனக்குத்தான் யாரோ வழி சொல்கிறார்கள் என்று ரைட்டில் ஒடித்துவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே தெய்வசிகாமணிதான். அதில் அவருக்கு ஒரு பெருமை.

நேற்றைய பிராக்டிஸில் கத்திய கத்தலில் தொண்டை மொத்தமாகக் கட்டிக்கொண்டது. இன்றைக்குப் பார்த்து மேட்ச்.

அதுவும் சாதாரண மேட்ச் இல்லை. பிள்ளைகளை நன்றாகத் தயார் பண்ணுகிற ஒரே ஒரு கிளப்புக்கு வருஷம் முழுக்கப் பந்து, பூட்ஸ், ஆளுக்கு தினம் ரெண்டு முட்டை தருவதாக ஒரு டிரஸ்ட்டில் சொல்லியிருந்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு பண்ண வந்திருந்த பொன்னுரங்கம், மடியில் நோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தெய்வசிகாமணி சைகை காட்டிப் பார்த்தார்.

‘பின்னால் போ’ என்று கையை ஆட்டினால், சின்னப்பொண்ணு ‘வெளியே போ’ என்று எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்து நின்றாள். ‘ரெண்டு பேரா சேர்ந்து மறிங்க’ என்று ரெண்டு விரலைக் காட்டினால், கோல்கீப்பர் பூமாலை, “ஒண்ணுதான் சார் வாங்கியிருக்கோம்!” என்று கத்தினாள்.

ஆனால் அவரைக் குத்தியது வேறு. பந்து காலுக்கு வந்ததும் ஒவ்வொருத்தியும் முதலில் அவர் முகத்தைத்தான் திரும்பிப் பார்த்தாள். அவர் கத்தினால்தான் கால் நகரும். அவள் பார்த்து முடிப்பதற்குள் எதிர் டீம் உளுந்தூர்பேட்டைப் பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

‘ஒன்பது வருஷமா நான் பதினோரு ஆட்டக்காரிங்கள வளக்கல. இருபத்திரண்டு காதத்தான் வளத்திருக்கேன்’ என்று நினைத்துக்கொண்டார்.

இடைவேளையில் கேப்டன் செவ்வந்தி மூச்சு வாங்க வந்து நின்றாள். பிராக்டிஸுக்காக வாரா வாரம் வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவள்.

“இப்ப இன்னா சார் பண்றது?”

அவர் ரெண்டு கையையும் விரித்தார். உப்புப் போட்ட வெந்நீரை எடுத்துக்கொண்டு, மோட்டார் ரூமுக்குப் பின்னால் கொப்பளிக்கப் போய்விட்டார்.

பிள்ளைகள் ரூமின் நிழலில் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒரே சண்டை.

“நீ இன்னாத்துக்குடி அவரப் பாக்குற? என்னப் பாரு!”

“அப்ப நீ அந்தாண்ட ஓடு. நான் தூக்கிப் போடறேன்.”

ரெண்டாவது பாதி தொடங்கியபோது தெய்வசிகாமணி துண்டின் நுனியைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். யாராவது திரும்பிப் பார்த்தால், அவர் வானத்தைப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். இருபதாவது நிமிஷத்தில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள்.

கடைசி நேரத்தில் சின்னப்பொண்ணு பந்தோடு கோலுக்கு நேராக நின்றாள். அடிக்க வேண்டியதுதானே? அடிக்கவில்லை! பக்கவாட்டில் தள்ளிவிட்டாள்.

தெய்வசிகாமணியின் பல்லில் துண்டு கிழிந்தது.

தள்ளிவிட்ட பந்து, யாரும் மறிக்காமல் ஓடிவந்த செவ்வந்தியின் காலுக்குப் போனது. கோல்!

‘அடிடீ’ என்று அவர் கத்தியிருந்தால் அது கோல் ஆகியிருக்காது. அது அவருக்கும் தெரிந்தது.

பொன்னுரங்கம் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“பன்னெண்டு கிளப் பாத்துட்டேங்க. எல்லாக் கோச்சும் தொண்டை கிழிய கத்தறாங்க. பிள்ளைங்கள சொந்தமா யோசிக்க விட்டது நீங்க ஒருத்தர்தாங்க! முட்டை உங்க கிளப்புக்குத்தான்.”

தெய்வசிகாமணி வாயிலிருந்த துண்டை எடுப்பதற்குள் அவர் செவ்வந்தி பக்கம் திரும்பிவிட்டார்.

“உங்க சாரு எப்பவும் இப்படித்தானாம்மா? கத்தவே மாட்டாரா?”

பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பூமாலை சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள்.

“ஆமாங்க சார்,” என்றாள் செவ்வந்தி. “எங்க சார் கத்தவே மாட்டாரு.”

பொன்னுரங்கம் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஓடிப்போய் நிறுத்தி உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரெண்டு முட்டை கண் முன்னால் உருண்டது. தெய்வசிகாமணியின் கால் நகரவில்லை.

வண்டி மறைந்த பிறகுதான் மனசு உறுத்தியது.

“ஏம்மா செவ்வந்தி, அவருகிட்ட இன்னாத்துக்குப் பொய் சொன்ன?”

குரல் கணீரென்று வந்தது. வந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிள்ளைகளில் ஒருத்திகூட ஆச்சரியப்படவில்லை.

“இன்னிக்கு அது பொய் இல்லீங்க சார். உங்களுக்கு பாதி ஆட்டத்துலயே தொண்டை தொறந்துகிச்சுன்னு எங்களுக்குத் தெரியும்,” என்றாள் செவ்வந்தி. “மோட்டார் ரூமு பின்னாடி நின்னுக்கினு, ‘டேய் தெய்வசிகாமணி! இனிமே பிள்ளைங்க ஆடுறப்ப நீ வாயத் தொறந்தே, செருப்பு பிஞ்சிடும்!’னு உங்களையே ஒரு கத்து கத்துனீங்களே சார்!”