கொடி ஓடிய முதுகு

“பின்கழுத்து எவ்வளவு இறக்கணும்மா?” என்று தையல்கார மெர்லின் அக்கா என்னைத்தான் கேட்டார். “பத்து இஞ்ச். கயிறு வச்சு, குஞ்சம் தொங்கணும்” என்று என் வருங்கால நாத்தனார் செண்பகம் பதில் சொன்னார். சின்ன வயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டிய தழும்பு என் முதுகில் இருப்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். மண்டபத்துக்கே அதைக் காட்டத்தான் எனக்கு மனமில்லை. சொல்ல வாயும் வரவில்லை. திரைக்குப் பின்னால் அளவெடுக்கும்போது அக்காவின் டேப் அந்த இடத்தில் சற்று நின்றது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ரவிக்கை வந்தது. பிடரி வரை மூடியிருந்த முதுகில், தழும்பு போன வழியெல்லாம் பொன்னூலில் ஆரி வேலைப்பாட்டுக் கொடி ஓடியது.

“கண்ணு பொடனியிலயா இருக்கு? இப்பவே வெட்டி இறக்குங்க!” என்று செண்பகம் கத்தினார்.

“வெட்டினா ஆரி மொத்தமும் பிரிஞ்சிடும்மா. வேற பொண்ணு அளவைப் பாத்துட்டேன். தப்பு என்னோடதுதான்.” செண்பகம் திட்டி முடிக்கும்வரை அக்கா குனிந்த தலை நிமிரவில்லை.

மறுநாள் மேடையில், என் முதுகில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலை யாரோ பல்லால் கடித்தெடுத்தார்கள். நன்றி சொல்லத் திரும்பினேன். அக்கா கொடியை ஒருமுறை தடவிவிட்டு, படியிறங்கிப் போனார்.