இரும்பு நெஞ்சு

கல் கிரஷர் முதலாளிக்குத் திடீரென்று தொழிலாளர்களின் நுரையீரல் மேல் பாசம் பொங்கியது. அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்றால் எந்த முதலாளிக்கும் பொங்கும்.

தென்காசியிலிருந்து வேனில் வந்தவர்கள், நாற்பது பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குழாயில் ஊதச் சொன்னார்கள். மேனேஜர் ஏசுதாசன் மட்டும், தூசி ஒத்துக்கொள்ளாது என்று ஏசி அறையை விட்டு வரவில்லை. சரியாக ஊதாதவனுக்குச் சீட்டு கிழியும் என்று முன்கூட்டியே ஊரெல்லாம் பேச்சு.

மறுவாரம் ஏசுதாசன் ரிசல்ட் வாசித்தார்.

"ஏலே பேச்சிராஜ், நீதாம்லே ஃபர்ஸ்ட்! பதினஞ்சு வருசம் தூசி தின்னும் நெஞ்சு புதுசா இருக்காம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பேச்சிராஜுக்கு வேலை தப்பிய நிம்மதி.

"சரியா ஊதாத பதினோரு பேரும் இனி மெசின் பக்கமே போவக்கூடாதாம், மேலிடத்து ஆர்டர். கேட்லயும் ஆபீஸ்லயும் உக்காந்து பாக்குத வேலை. சம்பளம் அதேதான்."

"அப்ப எனக்கு, அண்ணாச்சி?"

"ஒனக்கென்னலே, இரும்பு நெஞ்சு! நாளையிலேர்ந்து பவுடர் கொட்டுத இடம் பூரா ஒன் பொறுப்பு. மாஸ்க்குகூட ஒனக்குத் தண்டம்."

பேச்சிராஜ் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

அன்று அவன் பெயருக்கு வந்து ஊதிவிட்டுப் போனது, குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் பலூன் ஊதி விற்கும் அவன் மச்சினன்.