மாப்பிள்ளையாக நின்றவள்

துணிக்கடைக் கண்ணாடிக்குள் இரண்டு பெண் பொம்மைகள் இருந்தன. சிவந்த நிறமும் ஒல்லி உடம்புமாக நடுவில் நின்றவள் ரோஸி. மூலையில் ஊதாச் சேலையில் நின்ற கறுத்த, வாட்டசாட்டமான பொம்மையைக் கடைக்காரர்கள் டபுள் எக்ஸெல் என்றார்கள். அவளுக்கு ரோஸி மேல் கொள்ளை ஆசை. ஒருநாளாவது பக்கத்தில் நிற்க வாய்க்காதா என்று ஏங்கினாள்.

ஆவணி பிறந்தது. கல்யாண ஜோடி வைக்க வேண்டும். கடையில் இருந்த ஒரே ஆண் பொம்மைக்கோ கை உடைந்திருந்தது. "இந்த நிறத்துக்கும் உடம்புக்கும் வேஷ்டிதான் சரி" என்று மேலாளர் டபுள் எக்ஸெலை உள்ளே தூக்கிப்போய், பட்டு வேஷ்டி கட்டி, மீசை வரைந்து, மாலையும் போட்டு ரோஸி பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

தெருவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்து, "பொருத்தமான ஜோடி" என்றார்கள்.

டபுள் எக்ஸெலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்தது தனக்குத்தானா?

"ரோஸி, என்னை உனக்குப் பிடிச்சிருக்கா?"

ரோஸி மீசையைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கீங்க. ஆனா அந்த மூலையிலே ஊதாச் சேலையிலே ஒருத்தி நின்னா. அவளை எங்கே கொண்டுபோனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"