சிவப்புச் சீட்டு

"விடியக்காலை மூணு மணிக்கு வெளிநாட்டுல யார்கூடம்மா பேசறே?"

சுற்றி வளைத்துக் கேட்பது விசாரணை அதிகாரிக்குப் பழக்கமில்லை. அரசாங்கத்தின் ரகசியக் கோப்புகளைக் கையாளப் போகிறவர்களின் வீடு தேடிப் போய், அவர்கள் நம்பத் தகுந்தவர்கள்தானா என்று சலித்துப் பார்ப்பதே இருபது ஆண்டுகளாக அந்த அம்மாளின் வேலை.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் வெளிறியது.

"எங்க அக்கா, மேடம். அங்க நர்ஸா இருக்கா. டியூட்டி முடிஞ்சு அவ கூப்பிடற நேரம் அது. விண்ணப்பத்துல நாலாம் பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

அதிகாரி புரட்டிப் பார்த்தார். எழுதித்தான் இருந்தது.

"முன்பின் தெரியாத ஆம்பிளைங்க வீட்டுக்கு வந்து போறாங்களாமே?"

பதில் வருவதற்குள், தோளில் ஒரு மேசை விசிறியைச் சுமந்துகொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். "ஐயா, சுத்துது. ஆனா காத்துதான் வரலை."

மூலையில் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்த பெண்ணின் அப்பா, திருப்புளியும் கையுமாக எழுந்தார்.

"எழுதிக்கங்க மேடம். இதோ வந்துட்டார், முன்பின் தெரியாத ஆம்பிளை!"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு. போலீஸ் ஸ்டேஷனுக்கு எதுக்கும்மா போனே?"

"டிகிரி சர்ட்டிபிகேட் தொலைஞ்சு போச்சு மேடம். புகார் கொடுத்த ரசீது இருக்கு, காட்டட்டுமா?"

காட்டினாள். அரை மணி நேரத்தில் மூன்று குற்றச்சாட்டுகளும் ஒன்றுமில்லாமல் போயின.

அப்பா விடவில்லை. "எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். எவனோ என்ன எவனோ! பக்கத்து வீட்டு ஆள்தான்!"

"அப்பா, சும்மா இருங்கப்பா."

"நீ சும்மா இரு. நடுச்சுவர்ல நான் ஒரு ஆணி அடிச்சா, அந்தப் பக்கம் அவரோட தாத்தா படம் விழுந்துடுதாம். ஒன்பது வருஷமா முகம் கொடுத்துப் பேசறதில்லை. இப்ப என் பொண்ணு வயித்துல அடிக்கப் பார்க்கறார்!"

பெண் தலை நிமிராமல் சொன்னாள்: "மேடம், முப்பதாம் தேதிக்குள்ள உங்க அறிக்கை போகலைன்னா இந்த வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும். எனக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது."

அன்று இருபத்து நான்காம் தேதி.

"கடிதம் யார் எழுதினாங்கன்னு நாங்க சொல்ல மாட்டோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அதிகாரி எழுந்தார்.

ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. கடிதத்தைப் பார்த்த அன்றே ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியிருந்தது. மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள் ஆத்திரத்தில் கிறுக்குவார்கள். இதிலோ இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஓரம் விட்டிருந்தது. 'பொருள்', 'பார்வை' எல்லாம் முறையாகப் போட்டு, பார்வையில் கோப்பு எண்ணையும் குறித்து, குற்றச்சாட்டுகளுக்கு வரிசை எண் கொடுத்திருந்தது. கையெழுத்து மட்டும்தான் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் பழகிய கை.

பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்தவர் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார்.

"எங்க வேலை பார்த்தீங்க, சார்?"

"அரசாங்க அலுவலகம்தான். ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு. தபால் பிரிவுல இருபத்தெட்டு வருஷம்."

அதிகாரி உட்காரவில்லை. கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்தார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரோ எழுதியதைச் சரிபார்ப்பவர்போல் ஒரு முறை படித்தார்.

"ஆமாம்."

"அப்பன்மேல கோபம்னா அப்பன்கிட்ட காட்டணும். பொண்ணு வாழ்க்கையிலயா கை வைக்கறது? மனசாட்சி வேண்டாமா?"

"அதுல ஒரு வரி பொய் இருக்காம்மா?"

"பொய் இல்லை. விஷமம் இருக்கு. கோப்பு எண் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"செலக்‌ஷன் ஆர்டர் வந்த அன்னிக்கு அந்தப் பொண்ணே ஓடி வந்து என் வீட்டுக்காரிகிட்ட காட்டுச்சு. சண்டை எங்க ரெண்டு கிழத்துக்கும்தான். பொம்பளைங்க பேசிப்பாங்க. போன வாரம் அதே பொண்ணு இதே நாற்காலியில உட்கார்ந்து அழுதுச்சு."

"அப்படியும் எழுதினீங்களா?"

"அப்புறம்தான் எழுதினேன். ஒரே தடவை வந்து கேட்டா ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சு போற விஷயமாப் பார்த்துப் பொறுக்கி எழுதினேன்." பெரியவர் நடுச்சுவரை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும்."

அதிகாரிக்குப் புரியவில்லை. "இதனால அந்தப் பொண்ணுக்கு என்ன லாபம்?"

பெரியவர், அதிகாரியின் கையிலிருந்த கோப்பைக் காட்டினார். அதன் மேலட்டையில் 'புகார் - ஏழு நாளில் முடிக்க' என்ற சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது.

"இந்த ஃபைல் உங்க மேசைக்கு வந்து எத்தனை நாளாச்சும்மா?"

அதிகாரி தயங்கினார். "ஏழு மாசம்."

"என் கடுதாசி வந்து?"

கடிதத்தின் மூலையில் குத்தியிருந்த தேதி முத்திரையை அவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"நாலு நாள்."