மாமன் அளவு

“ஒங்க பெரியப்பா வீட்டு டிவியில பத்திரிகையப் பார்த்தேன், எம் பேரு பெருசா இருந்துச்சு. என் போன்ல சிறுத்துக் கெடக்கு. யாருத்தா கொறைச்சது?” அடைக்கலம் மாமா வாசலிலேயே நின்றார்.

கல்யாணப் பத்திரிகையை இணையப் பக்கமாகச் செய்திருந்த திலகவதி பதறினாள். “யாரும் கொறைக்கல மாமா. திரைக்குத் தக்கன எழுத்து தானாக் கூடும், கொறையும்.”

“தாய்மாமன் பேரு கொறையப்படாது. கொறைஞ்சா சீர்த்தட்டு வராது.”

பக்கத்தின் நிரலில் ஒவ்வொரு எழுத்தளவுக்கும் உறவுமுறையையே பெயராக வைத்திருந்தாள். ‘மாமன்’ அளவு எந்தப் போனிலும் இருபத்திநாலுக்குக் கீழே இறங்காதபடி கணக்கை மாற்றினாள். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் வம்பு. ‘பெரியப்பா’வுக்கும் அதே கணக்கு. இடம் பத்தவில்லை. மிச்சமிருந்த ஓர் அளவைப் பத்துக்கு இறக்கினாள்.

போனைப் பார்த்த மாமாவின் முகம் தெளிந்தது. “நடுவுல என்னமோ பொடி எழுத்தாத் தெரியுதே, என்னத்தா அது?”

“பொண்ணு பேரு மாமா,” என்றாள் திலகவதி. “எம் பேரு.”